நகையின் கோடும் அழுகையின் வெளியும்: கோபுலுவின் குடும்ப, வீதிச் சித்திரங்கள் பற்றிய ஒரு மதிப்பீடு

1

தமிழில் இலக்கியத் திறனாய்வு வளர்ந்த அளவிற்குச் சித்திரத் திறனாய்வு வளரவில்லை என்பது பலரும் ஒப்புக்கொள்ளும் உண்மையாகும். ஒரு தொடர்கதையின் பாத்திரப் படைப்பைப் பற்றிப் பல பக்கங்கள் எழுதத் தயங்காத நாம், அப்பாத்திரங்களுக்கு முகமும் நடையும் உடையும் தந்த சித்திரகாரரைப் பற்றி ஒரு பந்திதானும் எழுதுவதில்லை. சஞ்சிகைச் சித்திரம் என்பது கதையோடு வந்து கதையோடு மறைந்துபோகும் அலங்காரம் என்ற எண்ணமே இதற்குக் காரணம் எனலாம். ஆயினும், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தமிழ்க் குடும்பம் எவ்வாறு அமர்ந்தது, எவ்வாறு உண்டது, எவ்வாறு வீதியில் நடந்தது என்பதை நாளை அறிய விரும்பும் ஒருவருக்கு, சஞ்சிகைப் பக்கங்களில் வெளிவந்த கோட்டுச் சித்திரங்கள் சிறுகதைகளுக்குச் சற்றும் குறையாத சான்றுகளாக அமையும்.

இவ்வகையில் முதலில் வைத்து எண்ணத்தக்கவர் கோபுலு. அவர் இருபது வயதினராய்த் தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆனந்த விகடனில் வரைந்த குடும்ப, வீதிச் சித்திரங்களே இக்கட்டுரையின் பொருள். அவரது கோட்டின் வலிமை எங்கிருந்து பிறந்தது, அக்கோடு எவ்வெவ் வீடுகளுக்குள் நுழைந்தது, எவ்வெவ் வீதிகளுக்குச் செல்லவில்லை என்னும் வினாக்களை இங்கே எழுப்ப விரும்புகின்றோம். இவ்வினாக்கள் மாத்தளை மாவட்டத்து உக்குவளையிலிருந்து எழுப்பப்படுகின்றன என்பதையும் தொடக்கத்திலேயே கூறிவிடுதல் முறையாகும். ஏனெனில் ஒரு சித்திரத்தை எங்கிருந்து பார்க்கின்றோம் என்பதும் அச்சித்திரத்தின் மதிப்பீட்டில் ஒரு பங்கு வகிக்கின்றது.

இம்மதிப்பீட்டுக்கு அளவுகோலாகப் புறத்தேயிருந்து ஒன்றைக் கடன் வாங்க வேண்டியதில்லை. உள்ளத்து உணர்வு உடலின் வழியே வெளிப்பட்டுக் காண்பவருக்குப் புலனாவதைத் தொல்காப்பியம் மெய்ப்பாடு என்கிறது. அத்தகைய மெய்ப்பாடுகள் எட்டு என வகுக்கின்றது. செய்யுளுக்கு வகுக்கப்பட்ட இக்கருத்து, சொல்லில்லாத கோட்டுச் சித்திரத்திற்கு இன்னும் நெருக்கமாகப் பொருந்துகின்றது. அவ்வெட்டனுள் முதலில் நிற்பது நகை. அடுத்து நிற்பது அழுகை. கோபுலு முதலாவதன் பெருங்கலைஞர். இரண்டாவதைப் பற்றிப் பின்னர்ப் பேசுவோம்.

2

கோபாலன் என்னும் இயற்பெயர் கொண்ட கோபுலு 1924ஆம் ஆண்டு தஞ்சாவூரிற் பிறந்தவர். கும்பகோணம் ஓவியப் பள்ளியிற் பயின்றவர். 1940களின் தொடக்கத்தில், விகடனின் புகழ்பெற்ற சித்திரகாரராயிருந்த மாலியைச் சென்று கண்டார். திருவையாற்றில் தியாகராஜ சுவாமிகள் வழிபட்ட இராமர் பட்டாபிஷேகப் படத்தைப் பார்த்து வரைந்து வருமாறு மாலி அவரைப் பணித்தார். அதுவே அவரைப் பத்திரிகை உலகிற்கு அழைத்துச் சென்றது. கோபாலன் கோபுலுவானதும் மாலி இட்ட பெயராலேயே.

விகடனில் அவருடன் பணியாற்றிய மற்றொருவர் சில்பி என்னும் பி. எம். சீனிவாசன். இருவரும் வேலையைப் பகுத்துக்கொண்ட விதம் சிந்தனைக்குரியது. சில்பி கோயில்களுக்குச் சென்று கல்லில் நின்ற திருமேனிகளைக் கோட்டிலே கொண்டு வந்தார். கோபுலுவோ கோயிலுக்கு வெளியே, வீதியிலும் வீட்டிலும் நடமாடிய மனிதரைத் தமதாக்கிக்கொண்டார். அசையாதது ஒருவருக்கும் அசைவது மற்றவருக்குமாக வாய்த்தது. சிலையைச் சித்திரிப்பவருக்குக் காலம் துணை நிற்கும். காலையில் விட்ட இடத்தில் மாலையிலே தொடரலாம். நடந்து செல்லும் மனிதனைச் சித்திரிப்பவருக்கு அவ்வாய்ப்பு இல்லை. கண்டதை நினைவிற் பதித்து, வேண்டாதவற்றைக் கழித்து, ஒரே வீச்சிற் கோடாக்க வேண்டும். கோபுலுவின் சிக்கனம் இத்தேவையிலிருந்தே பிறந்தது எனலாம்.

பின்னர் அவர் விகடனை விட்டு விளம்பரத் துறைக்குச் சென்றார். 1970களிற் சொந்தமாக விளம்பர நிறுவனம் நடத்தினார். முதுமையில் வலக்கை செயலிழந்தபோது இடக்கையால் வரையப் பழகினார். 2015ஆம் ஆண்டு சென்னையிற் காலமானார். எனினும் தமிழ் வாசகரின் மனத்தில் நிலைத்த கோபுலு, விகடன் பக்கங்களில் இளமையோடு உலவிய கோபுலுவே.

3

அவரது குடும்பச் சித்திரங்களை முதலில் நோக்குவோம். இவற்றுட் சிறந்தவை சொல்லின்றி நகரும் தொடர்ச் சித்திரங்கள். சில கட்டங்கள்; அவற்றில் ஓர் இல்லம்; அங்கே கணவன், மனைவி, குழந்தை, பாட்டி, விருந்தினர். எவரும் பேசுவதில்லை. கட்டத்தின் கீழே விளக்கமும் இல்லை. ஆயினும் யார் யாரிடம் எதனை மறைக்கின்றார், யார் எதனைக் கண்டுகொண்டார், அடுத்து வீட்டில் என்ன நிகழப்போகின்றது என்பன யாவும் நமக்குத் தெரிந்துவிடுகின்றன.

இது எவ்வாறு நிகழ்கின்றது? பலர் நினைப்பதுபோல முகபாவத்தால் மாத்திரம் அன்று. கோபுலுவின் மாந்தரின் முகங்கள் மிகச் சில கோடுகளால் ஆனவை. கண் பெரும்பாலும் ஒரு புள்ளி. அவர்தம் உணர்வு தங்கியிருப்பது முதுகிலும் கழுத்திலும் முழங்கையிலும் பாதத்திலுமே. கோபங்கொண்டவரின் முதுகு வேறு. கோபங்கொண்டவர்போல் நடிப்பவரின் முதுகு வேறு. இவ்விரு முதுகுகளையும் ஒரே வளைகோட்டின் சிறு மாற்றத்தால் அவர் வேறுபடுத்திக் காட்டுகின்றார். மெய்ப்பாடு என்னும் சொல்லுக்கு மெய்யின்கண் தோன்றுவது எனப் பொருள்கொண்டால், அதற்கு இதனினும் தெளிவான விளக்கம் கிடைத்தல் அரிது.

நகைக்குரிய நிலைக்களங்களாக எள்ளலையும் இளமையையும் பேதைமையையும் மடமையையும் தொல்காப்பியர் வகுத்துக் காட்டுவார். கோபுலுவிடம் எள்ளல் குறைவு, பேதைமை மிகுதி. அவர் பாத்திரங்களைப் பார்த்து நாம் சிரிக்கும்போது அவர்களைக் கீழாக எண்ணுவதில்லை. நமது தந்தையாரும் இப்படித்தான் நின்றார், நமது பாட்டியும் இவ்வாறுதான் கைவிரித்தார் என்ற நினைவோடு சிரிக்கின்றோம். வீட்டு மனிதரை வரைவதில் உள்ள பெரிய ஆபத்து, அன்பின் மிகுதியால் அவர்களைப் பொம்மைகளாக்கிவிடுவது. மற்றோர் ஆபத்து, கூர்மையின் மிகுதியால் அவர்களைக் கோமாளிகளாக்கிவிடுவது. இவ்விரண்டுக்கும் நடுவே செல்லும் ஒடுங்கிய வழியிற் கோபுலு பெரும்பாலும் தவறாமல் நடந்தார்.

உலகக் கலை வரலாற்றிலே இவ்வழியில் நடந்தோர் பலர். ஒல்லாந்தின் றெம்பிராண்ட் 1630களில், தமது முப்பதாம் வயதை ஒட்டிய காலத்தில், வீட்டிலும் வீதியிலும் கண்டவற்றைத் தாளிற் கீறினார். நடை பழகும் குழந்தை ஒன்றை இரு பெண்கள் தாங்கிச் செல்வதாக அவர் வரைந்த சிறு சித்திரம் இன்று பிரித்தானிய நூதனசாலையிலே உள்ளது. ஒருத்தி இளையவள், மற்றவள் கூனிய முதியவள். சில கோடுகளே, முகங்கள் முழுமையாகவும் தீட்டப்படவில்லை. ஆயினும் முதியவளின் கை, குழந்தைக்குத் திசை காட்டுவதும் தைரியம் சொல்வதுமாக நீள்கின்றது. பெரிய எண்ணெய் வண்ண ஓவியங்களால் உலகப்புகழ் பெற்ற ஒருவர், எவரும் விலைகொடுத்து வாங்க நினையாத இத்தகைய காட்சிகளை ஏன் திரும்பத் திரும்ப வரைந்தார்? மனித உடலின் உண்மையை அவர் கற்ற பள்ளி அதுவேயாகலாம். குடும்பச் சித்திரம் பெரும் ஓவியத்துக்கு முன்னைய பயிற்சி மாத்திரம் என்று கருதுவோர் இச்சிறு தாளை ஒருமுறை பார்த்தல் நன்று.

4

இனி வீதிக்கு வருவோம். கோபுலுவின் வீதி ஒரு கூட்டம். கூட்டத்தை வரைவதில் இருவகை உண்டு. பல தலைகளை வட்டங்களாக அடுக்கிக் கூட்டம் என உணர்த்துவது ஒருவகை. ஒவ்வொருவருக்கும் ஒரு நோக்கத்தையும் ஓர் அவசரத்தையும் கொடுத்து அவர்களை ஓரிடத்திற் சந்திக்கச் செய்வது மற்றொரு வகை. கோபுலு இரண்டாவது வகையினர். ஒரு திருமண ஊர்வலத்தில் நாதஸ்வரக்காரருக்கு மாத்திரமன்றி, ஓரத்தில் நின்று எட்டிப் பார்ப்பவருக்கும் தனியொரு கதை இருக்கும்.

இத்திறமை முழுமையாக வெளிப்பட்ட இடங்கள் இரண்டு. ஒன்று, கலைமணி என்ற பெயரிற் கொத்தமங்கலம் சுப்பு எழுதிய ‘தில்லானா மோகனாம்பாள்’. மோகனாவையும் சண்முகசுந்தரத்தையும் 1968இல் வந்த திரைப்படத்தின் மூலம் அறிந்தவர்களே இன்று மிகுதி. ஆனால் அதற்கு முன்னரே வாசகர் மனத்தில் அவர்களுக்கு உருவம் கொடுத்திருந்தது கோபுலுவின் தூரிகை. இக்கதையின் பொருட்டு அவரது கோடு நடுத்தர வர்க்கத்துக் கூடத்தை விட்டு வெளியேறி, நாதஸ்வர வித்துவான்களும் தவிற்காரரும் ஆடல்மகளிரும் வாழ்ந்த தெருக்களுக்குட் சென்றது. வாத்தியத்தைத் தூக்கிய தோளின் சாய்வும், ஆடி முடித்த உடலின் களைப்பும் அங்கே கூர்ந்து நோக்கப்பட்டுள்ளன.

மற்றொன்று, 1963இற் சாவி எழுதிய ‘வாஷிங்டனில் திருமணம்’. தஞ்சை மண்ணின் கல்யாணம் அமெரிக்கத் தலைநகருக்குப் பெயர்கின்றது. மடிசாரும் மேலைநாட்டுத் தொப்பியும் ஒரே வீதியிற் சந்திக்கின்றன. இரு நாகரிகங்களையும் ஒரே கோட்டின் இயல்பால் இணைத்து, எவரையும் இழிவுபடுத்தாமல் நகை விளைவித்தார் கோபுலு.

இவ்விரு படைப்புகளையும் எடுத்துக்காட்டியதற்கு ஒரு காரணம் உண்டு. தமக்குப் பழக்கமான கூடத்துக்கும் ஊஞ்சலுக்கும் அப்பாலும் அவரது கை செல்லவல்லது என்பதற்கு இவை சான்றுகள். கதை அழைத்த இடமெல்லாம் கோடு சென்றது. ஆகவே, அது செல்லாத இடங்கள் சிலவற்றை நாம் சுட்டும்போது, அக்குறை கையின் குறை அன்று. கோட்டை அழைத்த பக்கத்தின் எல்லை என்றே கொள்ளல் வேண்டும்.

5

அவ்வெல்லை யாது? ஒரு வார இதழ் தனக்கென ஒரு வாசகக் குடும்பத்தை மனத்திற் கொண்டே வெளிவருகின்றது. சந்தா செலுத்தவும் விளம்பரப் பொருள்களை வாங்கவும் வல்ல அக்குடும்பம், நகரம் சார்ந்த, கல்வி பெற்ற, உத்தியோகம் பார்க்கும் நடுத்தரக் குடும்பம். தன் முகத்தையே பக்கத்திற் காண விரும்பியது அது. கோபுலுவின் இல்லத்தில் எந்நேரமும் ஒரு கூடம் இருப்பதும், அக்கூடத்தில் ஒரு சாய்வு நாற்காலி இருப்பதும், அந்நாற்காலியில் ஒருவர் செய்தித்தாள் விரிப்பதும் இதனாலேயே. அவ்வீட்டுக்குப் பாத்திரம் துலக்க வருபவள் சித்திரத்தில் உண்டு. அவளது வீடு இல்லை. வண்டி இழுப்பவர் உண்டு. அவர் வண்டியை நிறுத்திவிட்டுத் தம் பிள்ளையைத் தூக்கும் காட்சி அரிது. வேலையாட்கள் வீதிக்கு உரியவர்களாகவும், நடுத்தர வர்க்கத்தினர் குடும்பத்துக்கு உரியவர்களாகவும் பகுக்கப்பட்டுவிட்டனர். குடும்பம் என்பதே ஒரு வர்க்கத்தின் உடைமைபோற் காட்சியளிக்கின்றது.

நகைச்சுவைச் சித்திரகாரரிடம் இதனை எதிர்பார்த்தல் நியாயமா என்று கேட்கலாம். கோபுலுவை ஒரு தனிமனிதராக எடுத்துக் குற்றஞ்சாட்டுவதாயின் நியாயமன்று. தாம் கண்டு வளர்ந்ததை நேர்மையோடு வரைந்தவர் அவர். ஆனால், ஒரு தலைமுறையினர் அவர் வரைந்ததையே தமிழ்க் குடும்பம் என்று ஏற்றுக்கொண்டபோது, வேறு இல்லங்களிற் பிறந்தவர்களின் கண்ணுக்கு என்ன நேர்ந்தது என்பது திறனாய்வுக்குரிய வினாவாகின்றது.

சித்திரம் வரையும் ஆர்வமுள்ள கிராமத்து இளைஞனுக்கு ஓவியப் பள்ளி எட்டாத தூரத்தில் இருக்கின்றது. சஞ்சிகை கையிலே இருக்கின்றது. எனவே சஞ்சிகையைப் பார்த்து வரைகின்றான். ‘அம்மா’ என்று ஒரு சித்திரம் வரையச் சொன்னால், அடுத்த அறையில் இருக்கும் தன் தாயைப் பாராமல், தான் பலமுறை பிரதி செய்த பக்கத்தின் தாயை வரைகின்றான். கோபுலுவின் கூர்ந்த நோக்காய் இருந்தது அவரைப் பின்பற்றுவோர் கையில் வாய்பாடாய் மாறிவிடுகின்றது. ஒரு பெருங்கலைஞரால் ஏற்படும் தீங்கு இதுவே: அவர் எதனைப் பார்த்தார் என்பதை நாம் கற்றுக்கொள்கின்றோம், எவ்வாறு பார்த்தார் என்பதைக் கற்க மறந்துவிடுகின்றோம்.

6

ஈழத்தில் இவ்வாய்பாட்டிலிருந்து விலகும் முயற்சிகள் நிகழாமலில்லை. 1943ஆம் ஆண்டு கொழும்பில் உருவான ‘43 குழு’வின் தொடக்க உறுப்பினருள் ஒருவரான ஒப்ரி கொலெற், பின்னர் பத்திரிகைக் கேலிச்சித்திரத்தையே தமது துறையாகக் கொண்டார். ஜோர்ஜ் கீற், ஜஸ்டின் தரணியகல போன்ற ஓவியர்களோடு ஒரே குழுவில் நின்ற ஒருவர் கேலிச்சித்திரத்தை இழிவாகக் கருதவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. அக்குழுவில் இடம்பெற்ற தமிழரான எஸ். ஆர். கனகசபை யாழ்ப்பாணத்தில் ஓவியக் கல்வி வளர உழைத்தவர்.

தமிழ்ப் பத்திரிகை உலகிலே, சிரித்திரன் ஆசிரியர் சிவஞானசுந்தரம் குறிப்பிடத்தக்கவர். சுந்தர் என்ற பெயரில் அவர் வரைந்த சவாரித் தம்பர், சின்னக்குட்டி முதலிய பாத்திரங்கள் யாழ்ப்பாணத்து மண்ணிற் பிறந்தவை. அவற்றின் பேச்சும் நடையும் தஞ்சாவூருக்கு உரியனவல்ல. வேலியும் படலையும் ஒழுங்கையும் சூழ்ந்த வாழ்க்கைக்கு உரியன. 1970களின் முற்பகுதியில் தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, மல்லிகை, சிரித்திரன் முதலிய நம் நாட்டு ஏடுகளுக்கு ஓரளவு வெளி கிடைத்தது. இக்கட்டுப்பாட்டைப் பற்றி இருவேறு கருத்துகள் உண்டு. வாசகனின் தெரிவைச் சட்டத்தால் அடைப்பது கலைக்கு நன்மை தராது என்பது ஒன்று. அடைக்காதிருந்தால் நம்மவர் பக்கம் வாசகர் திரும்பியிருக்கமாட்டார் என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் நமது வீதியை நாம் வரைய வேண்டும் என்ற உணர்வு அக்காலத்தில் வலுப்பெற்றது என்பதை எவரும் மறுக்கமாட்டார்.

எனினும் அவ்வெளியிலும் முதலில் நிறைந்தது யாழ்ப்பாணத்து ஒழுங்கையே. மலையகத்து லயமும் மாத்தளைப் பக்கத்துக் கடைவீதியும் சித்திரத்தின் வாயிலில் இன்னும் காத்து நின்றன.

7

மலையகப் பெண்ணைச் சித்திரிக்காத நாடு இது என்று கூறுவதற்கில்லை. உண்மையில், நம் நாட்டிலிருந்து உலகெங்கும் சென்ற உருவங்களுள் அவளது உருவமும் ஒன்று. தேயிலைப் பெட்டியின் மேலட்டையிலும் உல்லாசப் பயணிகளுக்கான அஞ்சலட்டையிலும் அவள் நிற்கின்றாள். பச்சை மலைச்சரிவு, முதுகிலே கூடை, விரல்களிற் கொழுந்து, முகத்திற் புன்னகை. இவ்வுருவத்தில் இல்லாதது எது? குடும்பம். அவளுக்குத் தாய் இல்லை, பிள்ளை இல்லை, அடுப்பு இல்லை, அயலாள் இல்லை. விடியுமுன்னர் எழுந்து பெரட்டுக்கு ஓடுவதும், பிள்ளைக் காம்பராவிற் குழந்தையை விட்டுத் திரும்பிப் பாராமல் நடப்பதும், மாலையிற் பீலிக்கரையிலே நின்று பேசுவதும் அட்டையில் இடம்பெறுவதில்லை. சஞ்சிகைச் சித்திரத்தில் நடுத்தர வர்க்கத்துக்குக் குடும்பம் தரப்பட்டது போலவே, வணிகச் சித்திரத்தில் உழைப்பவளிடமிருந்து குடும்பம் பறிக்கப்பட்டது.

இவ்விடத்திற் கலைநுட்பம் சார்ந்த ஒரு வினாவும் எழுகின்றது. கோபுலுவின் கூடம் ஒரு நாடக மேடை. பார்ப்பவர் மேடைக்கு முன்னே நிற்கப் போதிய தொலைவு உண்டு. பாத்திரங்கள் ஒருவரிலிருந்து ஒருவர் விலகி நிற்க இடமுண்டு. அவ்விலகலே அவரது நகைக்கு ஆதாரம். பத்தடிக்குப் பன்னிரண்டடியான லயத்துக் காம்பராவில் அத்தொலைவுக்கு இடமில்லை. அங்கே உறங்குபவரின் காலருகே சமையல் நடக்கும்; படிப்பவரின் தோளை உரசிக்கொண்டு கிழவி வெற்றிலை இடிப்பாள். உருவங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும். இஸ்தோப்பில் நின்று பார்ப்பவருக்கோ உள்ளே இருள். வெளியே கண் கூசும் வெயில். கோபுலுவின் தெளிந்த தனிக்கோடு இவ்விருளுக்குப் போதாது. அவரைப் பிரதி செய்பவர் தோல்வியடைவது இங்கேதான். இவ்வாழ்க்கைக்குரிய கோட்டை இவ்வாழ்க்கைக்குள்ளே நின்றுதான் கண்டெடுக்க வேண்டும்.

அண்மைக் காலத்தில் அத்தகைய தேடல் தொடங்கியிருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஹற்றனைச் சேர்ந்த ஹனுஷா சோமசுந்தரம் தேயிலைக் கறையையும் வடிகட்டியையும் தமது ஓவியத்துக்குரிய ஊடகங்களாக்கி, அட்டைப்படம் மறைத்த உழைப்பை முன்னிறுத்துகின்றார். ஏற்றுமதியாகும் பொருளைக்கொண்டே, ஏற்றுமதியாகாத வாழ்க்கையைப் பேசுவது அவர் கண்ட வழி. பென்சிலும் ஒரு கொப்பியும் மாத்திரம் கொண்டு வீட்டையும் வீதியையும் நாள்தோறும் குறித்துவைக்கும் பணி இதனோடு சேர்ந்து வளரவேண்டும்.

8

உக்குவளையை எடுத்துக்கொள்வோம். மாத்தளை நகருக்குத் தெற்கே, கண்டியிலிருந்து வரும் புகையிரதப் பாதையில் அமைந்த ஊர் இது. அப்பாதை 1880ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. மிளகும் கொக்கோவும் சாதிக்காயும் றப்பரும் விளையும் மண். சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே கடைவீதியிற் கூடுகின்றனர். ஒரே நிலையத்தில் வண்டிக்குக் காத்து நிற்கின்றனர். பொல்கொல்லையில் மறிக்கப்பட்ட மகாவலி நீர், மலையைக் குடைந்த ஏறத்தாழ 8 கிலோமீற்றர் சுரங்கத்தின் வழியே வந்து, 1976இல் இயங்கத் தொடங்கிய மின்நிலையத்தைச் சுழற்றிவிட்டுச் சுதுகங்கையிற் கலக்கின்றது. அச்சுரங்கத்திற்கும் நிலையத்திற்கும் அங்குலம் அங்குலமாக வரைபடங்கள் தீட்டப்பட்டன. அந்நீரின் கரையில் வாழும் மனிதருக்கு அத்தகைய வரைபடம் யார் தீட்டினார்?

இவ்வூரைக் கடக்கும் புகையிரதப் பாதை மற்றொரு நினைவையும் எழுப்புகின்றது. கோப்பிக் காலத்தில் மன்னாரிலிருந்து கால்நடையாகக் காடு கடந்து வந்தவர்கள் மாத்தளையை அடைந்தே மலையேறினர். மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் அப்பயணத்தின் நினைவைத் தாங்கி நிற்கின்றது. மாசி மகத் தேர்த்திருவிழாவில் அவர்களின் வழித்தோன்றல்கள் வீதியை நிறைக்கின்றனர். அவ்வாறு வந்தவர்களின் பேரர் பலர் 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர். 1964 ஒக்டோபரிற் கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென எண்ணிக்கை வகுத்தது. எஞ்சிய 150,000 பேர் பின்னொரு முடிவுக்கு விடப்பட்டனர். எண்ணிக்கை குடும்பத்தை அறியாது. அண்ணன் அங்கும் தங்கை இங்குமாக, பெற்றோர் ஒரு கரையிலும் மணமான மகள் மறுகரையிலுமாக வீடுகள் பிளந்தன. தலைமன்னாருக்கு அவர்களைச் சுமந்து சென்ற புகையிரதத்தை மலையக மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றழைத்தனர்.

புகையிரத நிலையம் நகைச்சுவைச் சித்திரகாரருக்கு உவப்பான களம். மூட்டை முடிச்சுகள், பிந்தி ஓடிவரும் கணவர், ஜன்னல் வழியே ஏற்றப்படும் குழந்தை என அதற்குரிய காட்சிகளை நாம் அறிவோம். ஒப்பாரிக் கோச்சி நின்ற மேடையிலும் மூட்டைகள் இருந்தன. ஜன்னல் வழியே கைகளும் நீண்டன. பொருள்கள் அவையே, மெய்ப்பாடு வேறு. அழுகைக்குரிய நிலைக்களங்களாக இளிவரவையும் இழவையும் முன்னை நிலை கெட்ட அசைவையும் வறுமையையும் தொல்காப்பியர் கூறுவார். இந்நான்கும் ஒருசேர நின்ற மேடை அது. நாட்டார் பாடலும் மலையகச் சிறுகதையும் அதனைப் பேணின. கோட்டுச் சித்திரம் அக்கடனை இன்னும் தீர்க்கவில்லை.

சித்திரம் அக்கடனைத் தீர்க்கவல்லதா என்று ஐயுறுவோர் 1943ஆம் ஆண்டு வங்காளப் பஞ்சத்தை நினைத்துப் பார்க்கலாம். கல்கத்தா ஓவியக் கல்லூரியைச் சேர்ந்த ஜைனுல் ஆபிதீன் அப்பொழுது இருபத்தெட்டு வயது இளைஞர். கிராமங்களிலிருந்து வந்து நகரத்து நடைபாதையில் விழுந்து கிடந்த குடும்பங்களை, மலிந்த தாளிலே, கறுப்பு மையும் உலர்ந்த தூரிகையும் கொண்டு வரைந்தார். தாயின் எலும்பெழுந்த தோளும், அருகே கிடக்கும் குழந்தையும், குப்பைத் தொட்டியைச் சுற்றும் காகமும் சில முரட்டுக் கோடுகளில் எழுந்தன. அங்கும் பொருள் குடும்பமே, களம் வீதியே. தாள் மலிந்ததாயினும் அச்சித்திரங்கள் இன்று பஞ்சத்தின் அழியாச் சான்றுகள்.

9

இதனாற் கோபுலுவை விடுத்து ஆபிதீனைப் பின்பற்றுக என்று கூறுவதாகக் கொள்ளலாகாது. அழுகை மாத்திரமே மலையகத்தின் மெய்ப்பாடு என்பதும் மற்றொரு வாய்பாடாகிவிடும். லயத்திலும் நகை உண்டு. பீலிக்கரையில் எள்ளல் உண்டு. காமன் கூத்துக்கு வேடமிடும் இளைஞரிடம் இளமை உண்டு. உக்குவளைக் கடைவீதியில் மும்மொழியும் கலந்து விலை பேசும் பேதைமை உண்டு. துன்பத்தை மாத்திரம் வரைபவர், அம்மக்களை மீண்டும் ஒரு அட்டைக்குள் அடைத்தவராவார். சிரிப்பவளின் குடும்பம் மறைக்கப்பட்டது போலவே, அழுபவளின் சிரிப்பும் மறைக்கப்படும்.

கோபுலுவிடமிருந்து கற்கவேண்டியது இங்கேதான் உள்ளது. அவரது மூக்கையும் குடுமியையும் ஊஞ்சலையும் கற்க வேண்டியதில்லை. ஒருவரின் முதுகைப் பார்த்து அவரது மனத்தை அறியும் பொறுமையைக் கற்க வேண்டும். கூட்டத்தில் எவரையும் வெறும் தலையாக விட்டுவிடாத நேர்மையைக் கற்க வேண்டும். கோடு குறையக் குறையக் கவனம் மிகவேண்டும் என்பதைக் கற்க வேண்டும். தம் வீட்டாரைப் பார்த்துச் சிரிக்கும்போதும் அவர்களது மதிப்பைக் குறைக்காத பண்பைக் கற்க வேண்டும். இக்கல்விக்குத் தஞ்சாவூரிற் பிறந்திருக்க வேண்டியதில்லை.

நமது பல்கலைக்கழகங்களில் நாட்டார் பாடல்களைத் தொகுக்கின்றோம். வாய்மொழி வரலாறுகளைப் பதிவு செய்கின்றோம். அவ்வாறே வீட்டையும் வீதியையும் வரைந்த சித்திரங்களையும் தொகுத்தலும், அவற்றைப் பற்றி எழுதுதலும் தமிழ்ச் சங்கங்களின் பணியாதல் வேண்டும். பாடசாலைக் கொப்பியின் பின்பக்கத்தில் ஒரு மாணவி தன் பாட்டியின் கைகளை வரைந்திருப்பாளாயின், அக்கைகள் எவ்விடத்தில் காய்த்துள்ளன என்பதை அவள் கவனித்திருக்கின்றாளா என்று பார்த்தல் ஆசிரியரின் கடமை. கவனித்திருந்தால், அவள் எவரையும் பிரதி செய்யவில்லை.

சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதித் தஞ்சை நடுத்தரக் குடும்பம் எவ்வாறிருந்தது என்று கேட்போருக்குக் காட்டக் கோபுலுவின் பக்கங்கள் இருக்கின்றன. உக்குவளையில் ஒரு குடும்பம் எவ்வாறிருந்தது என்று ஐம்பது ஆண்டுகளின் பின்னர் ஒருவர் கேட்பாராயின், அவருக்குக் காட்டுவதற்குரிய பக்கங்கள் இப்போது வரையப்படவேண்டும். காட்டப்பட வேண்டியவர்கள் இன்று மாலையும் அக்கடைவீதியில் நடந்து செல்கின்றனர்.